வவுனியாவில் ஒரு மேன்முறையீட்டுச் சட்டத்தரணி அலுவலகம்: எங்கள் அனுபவம்

மருமகனுக்கு மேல் நீதிமன்றத்தில் குற்றத்தீர்ப்பு வந்தபோது, மேன்முறையீட்டுக்குச் சட்டம் தரும் 14 நாட்களில் ஐந்தை அழுவதிலும் ஆளாளுக்கு ஆலோசனை கேட்பதிலும் போக்கிவிட்டோம். ஆறாம் நாள் மாங்குளத்தில் விடியற்காலை பஸ் ஏறி இந்த அலுவலகத்துக்குப் போனேன். மறியலில் இருப்பவர் சிறை அத்தியட்சகரிடமே மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கலாம் என்பதே அங்குதான் எனக்குத் தெரியவந்தது.

அரசுக்காக வழக்கை நடத்திய அரச சட்டவாதி செய்த அநியாயங்கள் என்று நான் அடுக்கிய ஐந்தையும் சட்டத்தரணி அம்மா இடைமறிக்காமல் எழுதிக்கொண்டு, பிறகு மூன்றை வெட்டினார். “அவர் அதட்டிக் கேட்டது உங்களுக்குக் கோபம் வரக் காரணம் ஐயா, தீர்ப்பை உடைக்கக் காரணமில்லை” என்றார். அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை நீதியான வழக்கு விசாரணைக்கு உரிமை தருகிறது. ஆனால் தரப்பினரின் முக்கிய உரிமைகளைப் பாதிக்காத, நீதி தவறவும் காரணமாகாத வழுவுக்காகத் தீர்ப்பை மாற்றக்கூடாது என்று 138 ஆம் உறுப்புரை சொல்கிறது. இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமை அமைப்பிடம் போகலாமா என்று கேட்டேன். குற்றத்தீர்ப்புப் பெற்ற சிங்கராசா என்பவரின் வழக்கில் ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் உரிமை மீறல் என்று கண்டபின்னும், 2006இல் நமது உயர் நீதிமன்றம் அதன்படி நிவாரணம் தர மறுத்ததை நினைவூட்டினார். கசப்பான பதில், ஆனால் பொய் நம்பிக்கை விற்கவில்லை.

மனு பதினோராம் நாள் பதியப்பட்டது. பல மாதங்களின் பின் விசாரணையில் சொன்னதெல்லாம் பதிவான வழக்கேட்டின் பிரதி கிடைத்தபோதுதான் அவருடைய வேலையைக் கண்ணால் கண்டேன். தொகுப்புரையில் அரச சட்டவாதி அழுத்திச் சொன்ன ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி எந்தச் சாட்சியும் வாய் திறக்கவில்லை என்பதை, பக்கம் பக்கமாக மஞ்சள் தாள் ஒட்டிக் காட்டினார். அதே அழைப்பைத் தீர்ப்பும் காரணமாக எடுத்திருந்த பக்கத்தில் மட்டும் சிவப்புத் தாள்.

குறையும் உண்டு. தமிழில் உள்ள வழக்கேட்டைக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் செலவை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பாதி வழியில் கேட்டதால் நகை அடகுக்குப் போனது. எழுதுவினைஞர் தொலைபேசியை எடுப்பதே அபூர்வம். நேரில்தான் போகவேண்டும், குற்றப்பத்திரத்தையும் தீர்ப்புத் திகதியையும் கையோடு கொண்டுபோங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று சட்டத்தரணி அம்மா கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நிற்பார்.