ரெயின்போ செர்ரி தக்காளி விதை காம்போ: ஆன்லைனில் வாங்கும் முன் படியுங்கள்

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக வைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, நீலம் என்று கொத்துக் கொத்தாகத் தொங்கும் படத்தைப் போட்டு "ரெயின்போ செர்ரி தக்காளி விதை காம்போ" என்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஆடிப் பட்டத்துக்காக அதை வாங்கினேன். நீலம் என்று வந்த பாக்கெட்டில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. மஞ்சள் என்றதில் வந்தது சந்தையில் கிடைக்கும் சாதாரணச் சிவப்புத் தக்காளி. கறுப்பு செர்ரி என்று எழுதியிருந்ததில் வளர்ந்தது மணத்தக்காளி!

மணத்தக்காளி நல்ல கீரைதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும் செடியின் விதையை எடுத்து, வெளிநாட்டு ரகம் என்று விலை வைத்து விற்பது பச்சைத் திருட்டு.

முதலில் வரும் விதையிலை இரண்டும் விடும்வரை தக்காளிக்கும் மணத்தக்காளிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அடுத்து வரும் இலையில்தான் தெரியும். தக்காளி இலை ஓரம் வெட்டுவெட்டாகப் பிரிந்து வரும். தண்டில் மெல்லிய வெள்ளை முடி இருக்கும். இலையைத் தேய்த்தால் அந்தப் பச்சை வாசனை கையோடு ஒட்டிக்கொள்ளும். இந்தச் செடியின் இலை பிரியவே இல்லை, அந்த வாசனையும் இல்லை. அப்புறம் பூ விட்டது, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. நாம் வளர்க்கும் தக்காளி எந்த ரகமாக இருந்தாலும் பூ மஞ்சள்தான். வெள்ளைப் பூவைப் பார்த்ததும் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "மேடம், உங்க மண்ணு சரியில்ல, தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்க" என்று பதில் வந்தது. தண்ணீர் அதிகமானால் நாற்று அழுகும், சரி. தக்காளி மணத்தக்காளியாக மாறுமா? மண் மீது பழி போட முடியாதபடி இன்னொன்றும் செய்திருந்தேன். அதே செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள் கலவையில், பக்கத்துத் தட்டில், உள்ளூர் விதைக் கடையில் வாங்கிய தக்காளியையும் போட்டிருந்தேன். அது ஒரு வாரத்துக்குள் வரிசையாக எழுந்து நின்றது. இதைச் சொன்னதும், "விதைக்கு ரிட்டர்ன் பாலிசி கிடையாது" என்று முடித்துக்கொண்டார். நான் எழுதிய விமர்சனத்தையும் காணோம்.

இப்போது அந்தப் பாக்கெட்டைப் பற்றி. வெறும் ஜிப் கவர். மேலே ஒரு ஸ்டிக்கர், அதில் ஒரு பழத்தின் படம், "100% ஆர்கானிக், நாட்டு விதை, எஃப் 1 ஹைபிரிட்" என்ற வாசகம். நாட்டு விதை என்றால் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டாலும் தாய்ச் செடியைப் போலவே வரும். எஃப் 1 என்றால் இரண்டு ரகங்களை மகரந்தம் சேர்த்துக் கலந்து எடுத்த முதல் தலைமுறை, அதன் விதையைப் போட்டால் அடுத்த முறை ஒன்றுபோல் வராது. ஒரே விதை இரண்டுமாக இருக்கவே முடியாது. இந்த இரண்டு சொல்லும் ஒரே கவரில் இருந்தால் வாங்காதீர்கள்.

ஒழுங்கான விதைப் பாக்கெட்டில் பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதனை நாள், எதுவரை செல்லும், முளைப்புத்திறன், புறத்தூய்மை (குப்பையும் வேறு விதையும் கலக்காத அளவு), எடை, விற்பவர் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். மருந்து தடவிய விதை என்றால் அது என்ன மருந்து என்றும் போட்டிருக்கும். தக்காளிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம் என்று தரம் வகுத்திருக்கிறார்கள். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்க உரிமமும் வேண்டும், வாங்குபவருக்குப் பில்லும் கொடுக்க வேண்டும். எனக்கு வந்த கவரில் இதில் ஒன்றுமே இல்லை.

நீலத் தக்காளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் 'இண்டிகோ ரோஸ்' என்று ஒரு ரகத்தை வெளியிட்டது. அதில்கூட வெயில் படும் பக்கத்துத் தோல்தான் கருநீலமாகும், வெட்டினால் உள்ளே சிவப்புதான். பளீரென்ற வான நீலத்தில் தொங்குவதெல்லாம் கணினியில் நிறம் மாற்றிய படம்.

பணம் போனதைவிடப் பட்டம் போனதுதான் எனக்கு ஆறவில்லை. விதைத்து, நாற்றுவிட்டு, தொட்டி மாற்றி, குச்சி கட்டி, பூ வரும்வரை காத்திருந்த பிறகுதானே ஏமாற்றம் தெரிகிறது? அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மழை முடிந்து தாமதமாகப் போட்டால் காய்க்கும் நேரத்தில் வெயில் ஏறிவிடும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாக்கெட்டில் "செர்ரி" என்று இருந்ததால் கறுப்புப் பழம் வந்ததும் பிள்ளைகள் பறித்து வாயில் போடப் போனார்கள். வந்தது மணத்தக்காளி என்பதால் பயமில்லை, அதிலும் பச்சைக் காயைச் சமைக்காமல் தின்னக் கூடாது. ஆனால் ஊமத்தையும் இதே குடும்பத்துச் செடிதான். விற்பவருக்கே என்ன விதை என்று தெரியாத பாக்கெட்டிலிருந்து எதுவும் முளைக்கலாம். இலையும் பூவும் தக்காளி மாதிரி இல்லையென்றால் அதன் காயைத் தொட விடாதீர்கள்.

ரிட்டர்ன் கிடையாது என்று சொன்னால் விட்டுவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பதிவு செய்த பிறகுதான் எனக்குப் பணம் திரும்ப வந்தது. பாக்கெட்டின் முன், பின் படம், பில், மிச்ச விதை, செடியின் படம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். உங்கள் மாவட்ட விதை ஆய்வாளரிடமும் புகார் கொடுக்கலாம்.

இந்த மாதிரி காம்போ ஏற்கெனவே கையில் இருந்தால், தொட்டியில் போடுவதற்கு முன் விதையைத் தாளில் கொட்டிப் பாருங்கள். தக்காளி விதை தட்டையாக, மணல் நிறத்தில், பெரும்பாலும் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். மணத்தக்காளி விதை அதில் ஏறக்குறைய பாதிதான், வழவழப்பாக இருக்கும். பிறகு பத்து விதையை ஈரத்துணியில் மடித்து, காற்றுப் புகும் டப்பாவில் நிழலில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு நல்ல தக்காளி விதை ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் வேர் விட்டுவிடும். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அதை நம்பித் தொட்டி நிரப்பாதீர்கள். பட்டம் கைவிட்டுப் போகுமுன் பெயரும் தேதியும் உள்ள வேறு பாக்கெட் வாங்கிவிடுங்கள்.