உச்சிப்புளி பக்கம் ஒரு வாத்துக்கு வைத்தியம் பாத்த கதை

சிங்கப்பூர்லேந்து ஊருக்குப் போய்ட்டு வந்தா ஆதார் அப்டேட், பேங்க் கேஒய்சி, பத்திர ஆபீஸ்னு எழுதுறதுதான் வழக்கம். அதெல்லாம் இந்தத் தடவயும் நடந்துச்சு, பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுலேந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகுது, நாங்க பாலத்துக்கு முன்னாடியே உச்சிப்புளில இறங்கிருவோம்ங்கறதால பாலத்துக்கு வேலையே இல்ல. நான் எழுத வந்தது அப்பத்தா வளக்குற மணிலா வாத்துக்குத் தொண்டையில மீன் மாட்டுன விஷயம். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் பத்தி எல்லாரும் எழுதுறாங்க, ஆடுமாடு கோழி வாத்துக்கு ஊர்ல என்ன வசதி இருக்குன்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல.

எங்க வீடு வடகடல் பக்கம். கரைவலை இழுக்குறப்ப ஊரே கரையில நிக்கும், கூடவே இந்த வாத்தும் நிக்கும், வலைலேந்து தெறிச்சு விழுற பொடி மீனெல்லாம் அதுக்குத்தான். அன்னிக்கு அது எடுத்தது ஒரு சின்ன கெளிறு, விரல் நீளம்தான் இருக்கும். கெளிறு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். முதுகுல ஒரு முள்ளு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, பயந்துச்சுன்னா மூணையும் விரிச்சு பூட்டு போட்டுக்கும், செத்தாலும் மடங்காது. முள்ளோட ஓரத்துல ரம்பம் கணக்கா பல்லு வேற, குத்துச்சுன்னா விஷக் கடுப்பு. அதனாலதான் வலைக்காரங்க கெளிறு கிடைச்சதும் முள்ள முறிச்சுட்டுத்தான் கூடையில போடுவாங்க. இது முறிக்காத மீனு. தலை உள்ள போயிருச்சு, வாலு அலகுக்கு வெளிய தொங்குது, வாத்து கழுத்த நீட்டி நீட்டி தலைய உதறுது. மணிலா வாத்து நாட்டு வாத்து மாதிரி கத்தாது, அதனால கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கல, வாயத் திறந்து மூச்சு வாங்குறதப் பாத்துட்டு எங்க மதினிதான் சத்தம் போட்டாங்க.

அப்புறம் நம்ம ஊர் கேக்கணுமா. ஒருத்தர் தண்ணி ஊத்துங்கறாரு, ஒருத்தர் நல்லெண்ணெய்ங்கறாரு, அப்பத்தா சோத்த உருட்டிக்கிட்டு வந்துட்டா, முள்ளு சிக்குன மனுசனுக்குக் குடுப்பாங்கல்ல அந்த மாதிரி. வலை இழுத்துக்கிட்டிருந்த மாமா ஒருத்தர்தான் ஓடி வந்து "யாரும் வால புடிச்சு இழுத்துராதீங்க, இழுத்தா முள்ளு இன்னும் ஏறும், கழுத்தே கிழிஞ்சுரும்"னு சொல்லிட்டு, இடுப்புல இருந்த கைலிய அவுத்து (உள்ள டவுசர் போட்டிருந்தாரு) றெக்கையும் காலும் வெளிய வராம சுத்திக் குடுத்தாரு. மணிலா வாத்துக்கு நகம் ரொம்பக் கூர்மை, சுத்தாம தூக்குனா கை கிழிஞ்சுரும். தண்ணியும் எண்ணெயும் ஏன் ஊத்தக் கூடாதுன்னு பின்னாடி டாக்டர் சொன்னாங்க, வாத்துக்கு மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்கு நேர் பின்னாலயே இருக்காம், நாம ஊத்துறது நேரா நுரையீரலுக்குப் போய்ரும், முள்ளுல சாவாதது அதுல செத்துரும்.

டவுன்ல ஒரு பிரைவேட் கிளினிக்குக்கு போன் போட்டேன். "நாய் பூனை மட்டும்தான் சார் பாப்போம்", கட். காசு குடுத்தா எல்லாம் நடக்கும்னு நினைச்சு ஊருக்கு வர்ற நம்மளுக்கு இது ஒரு குட்டு. அடுத்து 1962. மனுசனுக்கு 108 மாதிரி கால்நடைக்கு 1962, காசு கிடையாது, இது வெளிநாட்டுல இருக்குற பாதிப் பேருக்குத் தெரியாது. உடனே எடுத்தாங்க, என்ன பிராணி, எந்த ஊருன்னு கேட்டாங்க, வாத்துன்னு சொன்னதுக்கு சிரிக்கல. மூச்சு வாங்குதுன்னா வண்டிக்குக் காத்திருக்காதீங்க, பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு இப்பவே தூக்கிட்டுப் போங்கன்னாங்க. ஆட்டோவுல போனோம்.

மருந்தகம்னா பெருசா கற்பனை பண்ணாதீங்க. மாட்ட நிறுத்தி ஊசி போடுற இரும்புக் கூண்டு வாசல்ல, காதுல மஞ்சத் தோடு (அடையாள நம்பர் வில்லை) மாட்டுன ரெண்டு பசு, குடற்புழு மருந்துக்கு வந்த ஆட்டுக் கூட்டம், நடுவுல கைலிக்குள்ள வாத்தோட நான். வரிசையில நின்ன ஆட்டுக்கார அம்மா ஒருத்தங்க "மூச்சு முட்டுதுய்யா, நீ முன்னாடி போ"ன்னு விட்டாங்க. டாக்டரம்மா சின்ன வயசு. அங்க இருக்குற சாமானெல்லாம் மாடு சைசுக்குத்தான், வாத்துத் தொண்டைக்குள்ள போற மாதிரி ஒண்ணுமில்ல. மேல் அலகுல ஒரு காஸ் துணி, கீழ் அலகுல ஒண்ணு மாட்டி என்னைய இழுத்துப் புடிக்கச் சொன்னாங்க, உதவியாளர் செல்போன் டார்ச் அடிச்சாரு, பாத்தா ரெண்டு பக்க முள்ளும் தொண்டை வாசல்ல குறுக்க நிக்குது. எதிர்த்த எலக்ட்ரிக் கடையிலேந்து சின்ன கட்டிங் பிளேயர் வந்துச்சு, ஸ்பிரிட்ல கழுவி, முள்ள அடியோட ஒண்ணு, ரெண்டுன்னு டக் டக்னு வெட்டுனாங்க. மீன இழுக்கல, மொதல்ல கொஞ்சம் உள்ள தள்ளி, முள்ளோட நுனிய சதைலேந்து விடுவிச்சு, அப்புறம் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்ங்கற கத்திரி மாதிரி இடுக்கியால மெதுவா வெளிய எடுத்தாங்க. கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. வாத்து ஒரு தடவ தும்மிட்டு என் சட்டையில கழிஞ்சு வச்சுச்சு.

காசு வாங்கல. ஊசி அங்கயே, ஒரு மருந்து மட்டும் வெளிய எழுதிக் குடுத்தாங்க. ரிஜிஸ்தர்ல 'வாத்து 1'னு எழுதுனத நான் போட்டோ எடுத்துக்கிட்டேன். முள்ளு உள்ள இறங்கியிருந்தா கழுத்தத் திறக்கணும், அதுக்கு திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகணும்னாங்க. இந்தக் கரையிலேந்து அம்புட்டு தூரம் யாரு வாத்த தூக்கிட்டுப் போவா? டாக்டர் இருந்ததால தப்பிச்சுச்சு, அதே நாள் அவங்க கேம்ப்புக்குப் போயிருந்தா பூட்டுன கதவுதான், கதவுல ஒரு போன் நம்பர் கூட எழுதல. வைத்தியத்துல குறை சொல்ல முடியாது, குறை எல்லாம் அந்த ஆள் இல்லாத நேரத்துலதான். தவுடு தண்ணியாக் கரைச்சு வைங்க, மூக்கு முங்குற அளவுக்கு ஆழமான சட்டியில நல்ல தண்ணி வைங்கன்னாங்க, எங்க ஊரு கிணத்துத் தண்ணி உப்புங்கறதால அப்பத்தா குடம் காசு குடுத்து வாங்குற தண்ணிலதான் அதுக்கும் பங்கு. தூண்டில் நரம்பு வாயில தொங்குனாலும் இதே கதைதானாம், இழுக்கவும் கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது, டாக்டர் புடிக்கிற அளவுக்கு நீளம் விட்டுத் தூக்கிட்டு வரணும்.

இதுல அப்பத்தா ஒத்துக்காதது ஒண்ணே ஒண்ணுதான். மருந்து முடிஞ்சும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் முட்டையத் திங்கக் கூடாது, மருந்து அதுல இறங்கும்னு சொல்லிட்டாங்க. "மீனத் தின்னது அது, பத்தியம் எனக்கா?"ன்னு அவ கேட்ட கேள்விக்கு எங்க வீட்டுல யாருகிட்டயும் பதில் இல்ல, முட்டையெல்லாம் தென்னை மூட்டுல புதைச்சுக்கிட்டிருக்கோம்.