வாளா, மகுடமா: ஆர்மேனியாவின் இரண்டு பரம்பரைப் பதவிகள்

பழைய ஆர்மேனியாவில் பதவியும் நிலம் மாதிரிதான், குடும்பச் சொத்து. படைத் தளபதி பதவியான ஸ்பாரபெட் மாமிகோனியன் குடும்பத்துக்கு. அரசன் தலையில் முடிசூட்டும் உரிமை பக்ரதூனி குடும்பத்துக்கு. எது பெரியது?

அன்றைய நிலவரப்படி முதலாவதுதான். வரஸ்தாத் என்ற அரசன் ஸ்பாரபெட் முஷேகைக் கொல்லவைத்து, பதவியை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தான். அதே குடும்பத்து மானுவேல் மாமிகோனியன் பாரசீகத்திலிருந்து திரும்பி வந்ததும் யாரையும் கேட்காமல் பதவியை எடுத்துக்கொண்டான். அப்புறம் அரசனையே நாட்டைவிட்டு விரட்டினான்! சாகும் தறுவாயில் இதே மானுவேல் ஆடையைக் களைந்து உடம்பைக் காட்டினானாம்: காசளவு இடம்கூடத் தழும்பில்லாமல் இல்லை. போர்க்களத்தில் சாகாமல் படுக்கையில் சாகிறோமே என்பதுதான் அவன் வருத்தம். கொஞ்சம் மிகைதான், ஆனால் அந்தக் குடும்பம் தன்னை எப்படிப் பார்த்தது என்பது புரிகிறது.

முடிசூட்டுபவருக்கு இந்தப் பளபளப்பு இல்லை. 428-இல் அர்சாசிட் அரச வம்சமே முடிந்தபோது சூட்ட மகுடமும் இல்லை.

சரி, கடைசியில் நிலைத்தது யார்? மாமிகோனியர் 451-இல் பாரசீகருடன் நடந்த அவராய்ர் போரில் தங்கள் தளபதி வர்தானை இழந்தார்கள். 775-இல் அரபு ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி தோற்றபின் எழவே இல்லை. அதே தோல்வியில் அடிபட்ட பக்ரதூனியரோ மெல்லத் தேறி, 880-களில் தங்கள் குடும்பத்து அஷோத் தலையிலேயே மகுடம் ஏறுவதைப் பார்த்தார்கள். அவன் தம்பி அபாஸ்தான் ஸ்பாரபெட்.