இரண்டும் பத்து மடங்குதான்: ஒரு பைனாகுலர், ஒரு கைலென்ஸ், இரண்டரை வருட அனுபவம்

புவி அறிவியலும் வானியலும் சேர்ந்த படிப்பில் இரண்டரை வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் என்னோடு இருந்த கருவிகள் இரண்டே இரண்டு, ஒரு 10×50 பைனாகுலர், ஒரு 10 மடங்கு கைலென்ஸ். வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் அனுபவங்கள் ஏராளம், நானும் அவற்றைப் படித்துத்தான் வாங்கினேன், ஆனால் ஒரு கருவி நமக்கு என்ன கற்றுத்தரும் என்பது அந்த ஒரு வாரத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

முதலில் கைலென்ஸ். வாங்கி இரண்டு மாதம் வரை அதைத் தப்பாகவே பிடித்தேன். கல்லை மேசையில் வைத்துவிட்டு, மேலே லென்ஸை நீட்டிக் குனிந்து பார்த்தால் ஒன்றும் தெளியாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு கல்லை அதன் பக்கம் கொண்டுவர வேண்டும், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நெருங்கும்போது சட்டென்று எல்லாம் துலங்கும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும், யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கிரானைட் எனக்கு வேறு பொருளாகிவிட்டது. கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் தட்டையான முகங்கள் ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி அணையும். குவார்ட்ஸ் அப்படி மின்னாது, அதற்குப் பிளவுத் தளம், அதாவது சீராகப் பிளக்கும் தட்டை முகம் கிடையாது, உடைந்த கண்ணாடி போல வளைவாகத்தான் உடையும். நடுவில் ஏடு ஏடாக மைக்கா. இந்தப் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்ததற்குக் காரணம், பாறைக்குழம்பு பூமிக்கடியில் மிக மெதுவாக ஆறியது. பசால்ட்டை அதே லென்ஸில் பார்த்தால் படிகங்களைத் தேட வேண்டியிருக்கும், அது மேலே வந்து வேகமாக ஆறிய குழம்பு. பசால்ட்டும், ஆழத்தில் மெதுவாக ஆறிய காப்ரோ என்ற பாறையும் சேர்மானத்தில் ஏறக்குறைய ஒன்று, ஆறிய வேகம்தான் வேறு என்று பாடத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

பைனாகுலருக்கு வருகிறேன். 10 என்பது பெரிதாக்கும் மடங்கு, 50 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். என்னுடையதில் ஒரே பார்வையில் சுமார் ஆறரை டிகிரி வானம் அடங்கும். நிலவின் அகலம் அரை டிகிரி, ஆக பதின்மூன்று நிலவுகளை வரிசையாக அடுக்கலாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுசாக உள்ளே வந்து, சுற்றிலும் இடமும் மிஞ்சும். பெரிய டெலஸ்கோப்பில்கூட இந்த அழகு கிடைக்காது என்பது என் எண்ணம்.

பெரிய குறை, கை நடுக்கம். பத்து மடங்கு படத்தில் நடுக்கமும் பத்து மடங்கு. சுவரில் சாய்வது, முழங்காலில் முழங்கையை ஊன்றுவது எல்லாம் செய்து பார்த்தேன், கடைசியில் முக்காலியில் பொருத்தியபோதுதான் வியாழனின் நிலவுகள் புள்ளி புள்ளியாக நின்றன. முக்காலிக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள், அது இல்லாமல் பாதிக் கருவிதான் கையில் இருக்கும்.

1610 ஜனவரி 7 அன்று கலிலியோ வியாழன் பக்கத்தில் மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைப் பார்த்துக் குறித்துவைத்தார், சில நாளில் அது நான்கானது. அதே போல நானும் நாற்பது இரவுகள் வரைந்தேன். அந்த நான்கு நிலவுகளில் கலிஸ்டோவும் கனிமீடும் சுலபம், யூரோப்பா சில இரவுகளில், அயோ மட்டும் வியாழனின் வெளிச்சத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். என் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது கனிமீடு ஏழு நாளைக்கு ஒருமுறை பழைய இடத்துக்குத் திரும்புவது தெரிந்தது. சரியான அளவு 7.15 நாள். இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு நான் எழுதியதில்லை.

அங்கிருந்துதான் இரண்டு பாடங்களும் ஒன்று சேர்ந்தன. கனிமீடு ஒருமுறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா இருமுறை, அயோ நான்கு முறை சுற்றும். இந்த ஒழுங்கால் அயோவின் பாதை வட்டமாக அடங்காமல் கொஞ்சம் நீண்டே இருக்கிறது, வியாழனின் ஈர்ப்பு அதைப் பிசைந்துகொண்டே இருக்க உள்ளே சூடேறுகிறது. விஞ்ஞானி ஸ்டான்டன் பீலும் கூட்டாளிகளும் இதைக் கணக்கிட்டு 1979 மார்ச் தொடக்கத்தில் வெளியிட்டார்கள், சில நாளிலேயே வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில் அயோவின் எரிமலைப் புகை தெரிந்தது. எரிமலை என்றால் புவித்தட்டுகளின் நகர்வுதான் காரணம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

பராமரிப்பில் நான் பட்ட பாடு. பைனாகுலர் ஒருமுறை மேசையிலிருந்து விழுந்து இரு குழாய்களின் நேர்கோடு பிசகிவிட்டது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பத்து நிமிடத்தில் தலைவலி. சரிசெய்யக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். இன்னொரு முறை ஈரக்காலத்தில் உறையிலேயே வைத்துவிட்டதால் உள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சை. இப்போது காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். அப்புறம், தூசியைத் துணியால் நேராகத் துடைக்காதீர்கள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, கண்ணாடி சுமார் 5.5. முதலில் காற்றடித்துத் தட்டிவிட்டுப் பிறகு துடையுங்கள். பாறைப் பாடம் லென்ஸைக் காப்பாற்றிய இடம் இது.

சனியின் வளையம் இதில் பிரியாது, அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலமும் படங்களில் உள்ளது போல இருக்காது, நீள்வட்டமாக ஒரு மங்கல் மட்டுமே. நல்ல இருட்டில், கண் பழகுவதற்கு அரை மணி நேரம் போனைத் தொடாமல் இருந்துவிட்டுப் பார்த்தேன். அந்த ஒளி கிளம்பிச் சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இன்று வரை நீளும் புவியியல் காலமான குவாட்டர்னரி தொடங்கியது 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று அதே வாரம்தான் படித்திருந்தேன். பூமியில் பனியுகங்கள் தொடங்கிய சமயத்தில் கிளம்பிய ஒளி என் கண்ணில் வந்து விழுகிறது. தேர்வுக்காக உருப்போட்ட ஓர் எண் அன்று ஒரு தூரமாக மாறியது, வெகுநேரம் கண்ணை எடுக்கவே முடியவில்லை.

நிலவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முழுநிலவு நாளில் பார்த்தால் நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும், டைக்கோ பள்ளத்திலிருந்து விரியும் வெளிர் கோடுகளான கதிர்கள் மட்டும் அன்று நன்றாக இருக்கும். அரை நிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள், பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும்.

போன பருவத்தில் ஆய்வகத்தில் அனார்த்தோசைட் என்ற பாறையின் துண்டு ஒன்று கொடுத்தார்கள். லென்ஸில் வெளிர் சாம்பலாக, ஏறக்குறைய முழுக்க ஃபெல்ட்ஸ்பார். நிலவு உருகிய பாறைக்கடலாக இருந்த காலத்தில், எடை குறைந்த இந்தக் கனிமம் மேலே மிதந்து மேலோடாக உறைந்தது என்பது விளக்கம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கிய இடத்தில் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணும் இரும்பு கலந்த அனார்த்தோசைட்டுக்கு ஒத்த சேர்மானம்தான். ஆய்வகத்தில் அந்தத் துண்டைப் பார்த்த அன்று மாலை அரை நிலவு இருந்தது. முக்காலியை நிறுத்தி, கருப்பான பசால்ட் சமவெளிகளைத் தாண்டித் தெற்கே இருக்கும் வெளிர் மேட்டுநிலத்துக்குக் கருவியைத் திருப்பினேன். காலையில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அதே வெளிர் நிறம்.