முள்ளங்கி விதையில் 2,40,000 கியாட் போச்சு: வாங்கும் முன் படியுங்கள்

நேற்று சாயங்காலம் முப்பது முள்ளங்கியைப் பிடுங்கி வரப்பிலேயே வைத்து அறுத்தேன். முப்பதும் பஞ்சு. வெளியே பளபளவென்று, ஒரு புள்ளி கிடையாது. கத்தி இறங்கும்போது நறுக்கென்ற சத்தமே இல்லை. உள்ளே மாலை கட்டும் நெட்டி மாதிரி வெளுத்து, சிலதில் நடுவே ஓட்டை வேறு. கையில் எடுத்தால் கனமே இல்லை. விதைக்கு மட்டும் 2,40,000 கியாட். உழவு, கூலி, உரம் எல்லாம் தனி.

பர்மாவில் பெகு பக்கம் குத்தகைக்கு ஒரு ஏக்கர் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் எல்லாரும் முள்ளங்கி போட்டு விலை விழுந்துவிடும். வெயிலில் தாங்கும் ரகம் கிடைத்தால் நல்ல காசு. அப்படித் தேடும்போதுதான் போனில் விதை விற்கிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கு வேறு பெயரில் வருவான்.

பர்மியத்தில் கேட்டேன். பதில் தமிழில் குரலாக வந்தது. “அண்ணே, நம்ம ஆளுங்கதான், எங்க தாத்தா சிவகங்கைப் பக்கம். இது வெயிலுக்குன்னே வந்த ரகம். 60 நாள் நிலத்துல நின்னாலும் பஞ்சு விழாது.” ரங்கூனில் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறேன், ஒருத்தரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அதிலேயே விழுந்தேன். அவன் பேசி முடிப்பதற்குள் நாலு கிலோவுக்குப் பணம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் முதல் வாரம் விதைத்தேன். 40 நாளில் ஒன்றை அறுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. அப்போது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, சந்தை மூடல், ஆள் கிடையாது. 60 நாள் என்றானே என்று விட்டேன். 52-ஆம் நாள் இந்தக் கோலம்.

போட்டோ அனுப்பினேன். “தண்ணி ஏறுக்கு மாறா விட்டிருப்பீங்க அண்ணே.” அப்புறம் மண் சரியில்லை. அப்புறம் “கம்பெனியில கேக்கிறேன்.” ராத்திரி மறுபடி கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து, அவர் மாண்டலே போயிருக்கிறார் என்றாள். இன்று காலையிலிருந்து அவன் படமே தெரியவில்லை, தடுத்துவிட்டான். 2,40,000 கியாட் வாங்கியவனுக்கு ஒரு போனை எடுக்க முடியவில்லை.

அவன் சொன்ன தண்ணீர்க் கதையில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். கிழங்கு பருக்கும் வேகத்துக்கு இலையிலிருந்து சர்க்கரை இறங்காவிட்டால், கிழங்குக்குள் ஓடும் நீர்க்குழாய்களுக்கு எட்டத்தில் இருக்கும் செல்கள் காலியாகிக் காற்று நிரம்பிவிடும். அதுதான் பஞ்சு. வெயில், தாறுமாறான தண்ணீர், அதிக யூரியா எல்லாம் இதைச் சீக்கிரமாக்கும். நானும் யூரியாவைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன், மறைக்கவில்லை. ஆனால் எத்தனை நாள் தாங்கும் என்பது முதலில் ரகத்தில் இருக்கிறது. சின்னச் சிவப்பு முள்ளங்கி 25, 30 நாளில் தயார், தாண்டினால் பஞ்சு. நீள வெள்ளை அதைவிட நிற்கும், அதிலும் குளிருக்கு வேறு, வெயிலுக்கு வேறு. இந்தியாவில் பூசா சேட்கி என்ற ரகம் வெயிலுக்கு, அதுவே 40, 45 நாளில் எடுக்க வேண்டியது. பூசா ஹிமானி குளிருக்கு. எனக்கு வந்தது குளிர் ரகம் என்றே நினைக்கிறேன். பையில் ரகப் பெயரே இல்லை, ஒரு முள்ளங்கிப் படம்தான். அதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கூலிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பையில் ரகப் பெயரும் தேதியும் இல்லாத விதையைத் தொடாதீர்கள். முதலில் ஒரு பிடி வாங்கி ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்கள். பறிக்கும் முன் வெளி இலையின் காம்பை அடியில் வெட்டுங்கள், காம்புக்குள் வெற்றாக இருந்தால் கிழங்கும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இதை இன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அப்புறம், குரல் பதிவை அழிக்காதீர்கள். போனில் இடமில்லை என்று நான் போன மாதமே அழித்துவிட்டேன்.