மதிப்பெண் அட்டவணையா, ஜோடி ஒப்பீடா?

புதிய மென்பொருள் வாங்க வேண்டும். நான்கு நிறுவனங்கள் விலைப்புள்ளி கொடுத்திருக்கின்றன. கூட்டத்தில் மேலாளர் முதல் ஆளாக, "எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது" என்று சொல்லிவிட்டால் போதும், மற்றவர்கள் அதற்குக் காரணம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் முறைகள் வேண்டியிருக்கின்றன.

எளியது, எடையிட்ட மதிப்பெண் அட்டவணை. விலை, பராமரிப்பு, பாதுகாப்பு என்று ஆறு அளவுகோல்கள் என்றால், எது எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் ஆறு எடைகள், அப்புறம் நான்கு நிறுவனங்களுக்கும் மதிப்பெண்கள். மொத்தம் 30 எண்கள், ஒரே தாளில் முடிந்துவிடும்.

இன்னொன்று, தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏ.ஹெச்.பி. (Analytic Hierarchy Process) என்ற ஜோடி ஒப்பீட்டு முறை. இதில் எல்லாமே ஜோடி ஜோடியாகத்தான். விலையைவிடப் பாதுகாப்பு எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை சொல்ல வேண்டும். அளவுகோல்களுக்கு 15 ஜோடி, நிறுவனங்களுக்கு ஒவ்வொரு அளவுகோலிலும் 6 வீதம் 36 ஜோடி, ஆக 51 கேள்விகள். முப்பதாவது கேள்விக்குள் ஆட்கள் களைத்துவிடுவார்கள். ஆனால் அட்டவணை செய்யாத ஒன்றை இது செய்கிறது: விலையைவிடப் பாதுகாப்பு பெரிது, பாதுகாப்பைவிடப் பராமரிப்பு பெரிது, பராமரிப்பைவிட விலை பெரிது என்று ஒருவர் சுற்றி வந்தால் பிடித்துவிடும். முரண்பாட்டு விகிதம் 0.10-ஐத் தாண்டினால் பதில்களைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு நிறுவனத்தைச் சேர்த்தால், பழைய நான்கின் வரிசையே மாறிவிடலாம் என்பது இதன் பெரிய குறை.

என் ஓட்டு அட்டவணைக்கு. எல்லா அளவுகோலுக்கும் சம எடை கொடுத்தாலே, பல கணிப்புகளில் நிபுணரின் உள்ளுணர்வை மிஞ்ச முடியும் என்று 1979-இல் உளவியலாளர் ராபின் டாவ்ஸ் காட்டினார். எடையை நுணுக்கமாகச் செதுக்குவதைவிட, அதை எப்போது பூட்டுகிறோம் என்பதே முக்கியம். கூட்டிப் பார்த்த பிறகு, பிடித்த நிறுவனம் இரண்டாவதாக வந்துவிட்டதே என்று 'அனுபவம்' என்பதன் எடையை 10-லிருந்து 20 ஆக்கினால், அட்டவணை வெறும் அலங்காரம். விலைப்புள்ளி உறையைப் பிரிக்கும் முன்பே எடை முடிவாகிவிட வேண்டும். மதிப்பெண்ணை அவரவர் தனியாக எழுதிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வர வேண்டும்.

எடையிலேயே துறைகளுக்குள் சண்டை என்றால் மட்டும் ஏ.ஹெச்.பி., அதுவும் எடைக்கான அந்த 15 கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலிரண்டு நிறுவனங்களுக்கும் வித்தியாசம் நூறில் இரண்டு மதிப்பெண்தானா? எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முதலிடம் மாறினால் அது சமநிலை. இரண்டையும் அழைத்து, உங்கள் வேலையையே கொடுத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.