பந்து விழுந்தால் என்ன ஆகும்? மூன்று பின்பால் சாகசங்கள் நேருக்கு நேர்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரவுசிங் சென்டரில் பொழுதைக் கழித்தவர்களுக்கு, சாய்ந்த மேஜையில் பந்தைக் கீழே விழாமல் தட்டித் தட்டி ஆடும் பின்பால் என்றாலே ஸ்பேஸ் கேடட்தான். சினிமாட்ரானிக்ஸ் உருவாக்கி மேக்ஸிஸ் 1995-ல் வெளியிட்ட ஃபுல் டில்ட் தொகுப்பின் மூன்று மேஜைகளில் ஒன்று அது. எக்ஸ்பிக்கு அடுத்த பதிப்பான விஸ்டா வந்தபோது விண்டோஸிலிருந்து தூக்கிவிட்டார்கள். பந்தை மேலே தட்டிவிடும் துடுப்புக்குப் பெயர் ஃபிளிப்பர். இசட் விசையைத் தட்டினால் இடது ஃபிளிப்பர், சாய்கோட்டு விசையைத் தட்டினால் வலது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. பந்து அதில் இறங்கினால் போச்சு. பின்பாலின் பதற்றம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்தப் பின்பாலை வைத்து ஊர் சுற்றிப் பார்க்கும் ஒரு சாகச விளையாட்டைச் செய்யச் சொன்னால் எடுத்த எடுப்பிலேயே சிக்கல். சாகச விளையாட்டில் நமக்கு நின்று பார்க்க வேண்டும், மூலைமுடுக்கெல்லாம் நுழைய வேண்டும், வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். மெட்ராய்டுவேனியா வகையில் இது இன்னும் கூடுதல். இன்று பூட்டிக் கிடக்கும் பாதை நாளை கிடைக்கும் ஒரு சக்தியால் திறக்கும்; அதுவரை அந்த இடம் நம் மனசில் பதிந்திருக்க வேண்டும். பின்பாலிலோ பந்து நம் பேச்சைக் கேட்பது ஃபிளிப்பர் தொடும் அந்தக் கணத்தில் மட்டும். மற்ற நேரமெல்லாம் அது தன் போக்கில் ஓடும்.

இதைத் தீர்க்கப் பார்த்த மூன்று விளையாட்டுகளை எடுத்துக்கொள்கிறேன்: ரோலர்ஸ் ஆஃப் த ரெல்ம் (2014), யோக்கு'ஸ் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் (2018), கிரீச்சர் இன் த வெல் (2019). படம், இசை, கதை என்று தனித்தனியாக மதிப்பெண் போடப் போவதில்லை. பந்து விழுந்தால் என்ன ஆகிறது என்ற ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்கப் போகிறேன். அதற்கு வரும் பதிலிலேயே அந்த விளையாட்டின் குணம் தெரிந்துவிடும்.

முதலில் வீட்டுப் பெரியவரை விசாரித்துவிடுவோம். 1993 பண்டிகைக் கால விற்பனைக்கு சோனிக் 3 தயாராகாது என்று தெரிந்ததும், அமெரிக்காவில் இருந்த செகா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் அவசர அவசரமாகச் செய்துகொடுத்தது சோனிக் ஸ்பின்பால். சோனிக்கே பந்து. மொத்தம் நான்கே கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கும் மரகதங்களைத் தேடிச் சேர்த்தால்தான் பெரிய எதிரியிடம் போக வழி திறக்கும். தேடல் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் கீழே விழுந்தால் உயிர் போகும், உயிர்கள் தீர்ந்தால் ஆட்டம் முடியும். தேடு என்று சொல்லிவிட்டு, தேட நேரம் கொடுக்காத விளையாட்டு. பின்னால் வந்தவர்களுக்கு இது நல்ல பாடம்.

ரோலர்ஸ் ஆஃப் த ரெல்ம் டொரண்டோவின் ஃபேண்டம் கம்பஸ் செய்தது, அட்லஸ் வெளியிட்டது. இதில் ஒரு கூட்டமே பந்து. திருடிப் பெண் சின்னப் பந்து, லேசானவள், குறுகலான இடத்தில் புகுந்து வருவாள், அடி மட்டும் பலமில்லை. மாவீரன் கனத்த பந்து. மெதுவாக உருண்டாலும் மோதினால் எதிரியும் தடுப்பும் சிதறும். காயத்தை ஆற்றுபவரும் ஒரு பந்துதான். ஆர்பிஜி எனப்படும், பாத்திரங்களை வளர்த்து ஆடும் விளையாட்டுகளில் எண்களாக மட்டும் இருக்கும் வலிமையும் வேகமும் இங்கே பந்தின் எடையாகவும் அளவாகவும் கைக்குத் தெரிகின்றன. இதை யோசித்தவர்களுக்கு ஒரு சபாஷ். எதிரிகள் சும்மா நிற்காமல் நம் ஃபிளிப்பரையே தாக்கிச் சேதப்படுத்துவதும் நல்ல குறும்பு.

இங்கே பந்து விழுந்தால் அந்த ஆள் விழுந்தார். மற்றவர்கள் இருக்கும்வரை ஆட்டம் தொடரும். மானா என்ற மந்திர சக்தியைச் சேர்த்து, விழுந்தவரை மீட்கலாம். பந்து காற்றில் போகும்போதே கொஞ்சம் இடம் வலம் திருப்பவும் அனுமதி உண்டு. பின்பால் வெறியர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் பல இடங்களில் அது இல்லாமல் பைத்தியமே பிடித்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். ஒவ்வொரு கட்டமும் நாலு பக்கமும் அடைத்த ஒரு மேஜை. கிராமம் ஒரு மேஜை, காடு ஒரு மேஜை. நடுவில் வசனம். பிறகு அடுத்த மேஜை. எங்கே போகலாம் என்ற தீர்மானம் நம்மிடம் வருவதே இல்லை. பின்பால் ஆர்பிஜி என்று கேட்டால் தாராளமாக இதைக் கைகாட்டுவேன். ஊர் சுற்ற ஆசைப்பட்டு வருபவர் ஏமாந்துபோவார். பிற்பாதியில் மேஜையில் கூட்டம் கூடக் கூட, பந்து எங்கே மோதுகிறது என்றே தெரியாமல் விசையைத் தட்டிக்கொண்டிருக்கும் நிலையும் வருகிறது.

கிரீச்சர் இன் த வெல் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. டல்லஸின் ஃப்ளைட் ஸ்கூல் ஸ்டூடியோ செய்தது. ஓயாத மணற்புயல், அதற்கு நடுவே ஒரு சிற்றூர், பக்கத்தில் மலை. மலைக்குள் புயலை அடக்குவதற்காகக் கட்டிய இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யப் போகும் ரோபோ நாம். உள்ளே இருட்டில் ஒரு பூதம். நீண்ட எலும்புக் கைகளும் ஒளிரும் கண்களும்தான் பெரும்பாலும் தென்படும்.

இதில் நாம் பந்து இல்லை, ஃபிளிப்பர். மேலிருந்து பார்க்கும் அறைகளில் சுதந்திரமாக நடக்கலாம், பாயலாம். இரண்டு ஆயுதங்கள்: ஒன்று பந்தைச் சுழற்றிச் சக்தியேற்ற, மற்றது ஓங்கி அடித்து அனுப்ப. பந்துகள் பம்பர்களில், அதாவது மோதிய பந்தைத் திருப்பியனுப்பும் முட்டுகளில், மோதி ஆற்றல் சேரும். அந்த ஆற்றலைக் கொடுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். மூன்று நான்கு பந்துகளை ஒருசேரச் சக்தியேற்றி ஒரே வீச்சில் அறை முழுக்கச் சிதறவிடும்போது கிடைக்கும் அந்தத் திருப்தி, மற்ற இரண்டிலும் இல்லை. வண்ணமும் அபாரம். காமிக்ஸ் பக்கம்போல் தட்டையான சிவப்பும் கருநிழலும்.

பந்து விழுந்தால்? விழ இடமே இல்லை! இங்கே விழுவது நாம்தான். திருப்பிச் சுடும் பொறிகளிடம் அடிபட்டு உயிர் தீர்ந்தால், பூதம் நம்மைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். மறுபடி நடந்து உள்ளே வர வேண்டும். முதலில் மிரட்டலாக இருக்கும் இந்தக் காட்சி, போகப் போக வெறும் வீண் நடையாகிவிடுகிறது. அறைகளும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவைபோல் தோன்றுகின்றன. ரகசிய அறைகள் உண்டு, ஆனால் அவை தனித்தனிச் சுரங்கங்களுக்குள் அடக்கம். ஒரு சுரங்கத்தில் கற்றதைக்கொண்டு இன்னொரு மூலையின் பூட்டைத் திறக்கும் சுகம் இதில் குறைவு. கைக்கு நல்ல வேலை, கால்களுக்கு அவ்வளவாக இல்லை.

இனி யோக்கு. இதைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசை.

சுவீடனின் வில்லா கொரில்லா என்ற சின்ன நிறுவனத்தின் முதல் விளையாட்டு, டீம்17 வெளியிட்டது. 2019-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருது இதற்குத்தான். கதாநாயகன் ஒரு சாணி வண்டு. மோக்குமானா என்ற தீவின் கரையில் வந்து இறங்குகிறான். இறங்கிய சூட்டோடு, அதுவரை தபால் வேலை பார்த்த கிழட்டுப் பறவை ஓய்வை அறிவித்துவிட்டுப் பொறுப்பை இவன் தலையில் கட்டுகிறது. தீவின் தெய்வம் காயம்பட்டுக் கிடக்கிறது. அதைக் காப்பாற்ற ஊர்த் தலைவர்களைத் தேடிச் செய்தி சேர்க்க வேண்டும். நடுநடுவே பார்சல், கடிதம், ஊர்வாசிகளின் சில்லறை வேலைகள்.

யோக்கு பந்தும் இல்லை, ஃபிளிப்பரும் இல்லை. ஒரு பந்தோடு கயிற்றால் பிணைக்கப்பட்டவன். இந்தச் சின்ன ஏற்பாட்டில்தான் முழுச் சிக்கலும் அவிழ்கிறது. சமதரையில் யோக்கு பந்தைத் தள்ளிக்கொண்டு நடப்பான். நின்று பார்க்கலாம், பேசலாம், திரும்பலாம். அவனால் குதிக்க மட்டும் முடியாது. மேலே ஏற வேண்டுமென்றால் ஃபிளிப்பர்தான் தூக்கிவிட வேண்டும். சுற்றிப் பார்ப்பது காலால், ஏறுவது பின்பாலால் என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள். ஃபிளிப்பர்களும் தீவின் பாறையிலும் மரத்திலும் முளைத்தவைபோல் அங்கங்கே இருக்கின்றன. ஒரு ஃபிளிப்பர் திரையில் எந்தப் பக்கம் இருந்தாலும் அதன் நிறமே எந்த விசை என்று சொல்லிவிடும். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. இந்த நிறக் கணக்கு இல்லாவிட்டால் இவ்வளவு கோணல்மாணலான மேஜைகளைக் கட்டியிருக்கவே முடியாது.

வழியில் உருண்டு உருண்டு பழம் சேர்ப்பது நமக்குக் கூலி. அந்தப் பழத்தைக் கொடுத்துப் புது ஃபிளிப்பர்களை வாங்குகிறோம்; ஒருமுறை வாங்கியது எப்போதும் நமக்கு. சக்திகள் வரும் விதமும் வேடிக்கை. வாளோ துப்பாக்கியோ கிடையாது. முதலில் கிடைப்பது திருவிழாப் பீப்பி. ஊதினால் தூங்குவது விழிக்கும். அப்புறம் வெடிக்கும் நத்தைகளை உறிஞ்சிப் பந்தில் ஒட்டவைத்துப் பாறையைத் தகர்க்கலாம். பிறகு தண்ணீருக்குள் மூழ்கும் வழி. ஒவ்வொன்றும் வந்ததும், முன்பு கடந்துபோன ஏதோ ஒரு மூலை நினைவுக்கு வரும். மெட்ராய்டுவேனியாவிடம் எதிர்பார்ப்பது இதைத்தானே!

சரி, பந்து விழுந்தால்? கீழே முட்செடி. குத்தும், சில பழங்கள் போகும், அவ்வளவே. உயிர் என்ற கணக்கே இல்லை. பழமோ மரத்துக்கு மரம் கொட்டிக் கிடக்கிறது. பையில் இவ்வளவுதான் கொள்ளும் என்று வேறு ஒரு வரம்பு இருப்பதால், பல நேரம் இழப்பு உறைப்பதுகூட இல்லை. ஆபத்து இல்லாத பின்பால் என்ன பின்பால் என்று கேட்பவர்கள் உண்டு.

நான் அப்படி நினைக்கவில்லை. யோக்குவில் தண்டனை வேறு உருவத்தில் இருக்கிறது: உயரம். மேலே வலது மூலையில் ஒரு பொந்து தெரிகிறது, அதற்குள் பந்தை அனுப்பினால் அடுத்த பகுதி. குறி தப்பினால் கீழ்த்தட்டுக்கு வருவோம். மறுபடி இரண்டு தட்டு ஏறி, அதே ஃபிளிப்பரின் அதே நுனியில் பந்தை நிறுத்தி அடிக்க வேண்டும். உயிர் போகாவிட்டாலும் வழி போய்விடுகிறது. ஊர் சுற்றும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை வேறென்ன?

இந்தக் குறி பார்த்து அடிப்பதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கும் உண்டு. பின்பால் வெறும் அதிர்ஷ்டம், ஆகவே சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-ல் அதைத் தடை செய்தது. அப்போது ஃபிளிப்பரே வந்திருக்கவில்லை. காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி மேஜையில் அது அறிமுகமானது 1947-ல். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற பின்பால் ஆட்டக்காரர் நகரமன்றத்தார் முன்னால் ஒரு மேஜையில் ஆடி, பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது. யோக்குவின் ஒவ்வொரு பொந்தும் நம்மிடம் அதே சோதனையை வைக்கிறது. ரோலர்ஸில் காற்றிலேயே திருப்பிவிடலாம், கிரீச்சரில் நடந்துபோய் வாகான இடத்தில் நின்று அடிக்கலாம். பந்தை இங்கே போ என்று சொல்லி அனுப்பும் பழைய வித்தைக்கு உண்மையான வேலை வைப்பது யோக்குதான்.

குறை இல்லாமல் இல்லை. தீவு முழுக்க ஒரே தொடர்ச்சியான வரைபடம் என்பது பெருமைதான், ஆனால் ஒரு பார்சலுக்காக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்போது, முன்பே ஜெயித்த மேஜைகளில் மறுபடி ஏறி இறங்க வேண்டும். முதல் தடவை சவாலாக இருந்தது மூன்றாம் தடவை சுங்கச்சாவடி. பீலைன் என்ற விரைவுப் பயண வசதி உண்டு. அதுவும் பிந்தித்தான் முழுமையாகக் கைகூடுகிறது. தீவின் எல்லா இடத்துக்கும் போவதும் இல்லை. விக்கர்லிங் என்ற குட்டி உருவங்களைத் தீவெங்கும் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அத்தனையையும் பிடித்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் கடைசி சில மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும்.

ஊர் சுற்றும் பின்பால் என்று கேட்டால் என் முதல் தேர்வு யோக்கு, அதில் தயக்கம் இல்லை. இரண்டாவது கிரீச்சர். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் அளவு. சலிப்பு தட்டும்போதே முடிந்தும்விடுகிறது, அது அதற்கு நல்லதே. ரோலர்ஸ் மூன்றாவது என்று சொல்வது அதற்குக் கொஞ்சம் அநியாயம், அது ஓடும் பந்தயமே வேறு. தள்ளுபடியில் கிடைத்தால், முதல் சில மேஜைகளில் ஒவ்வொரு புது ஆளும் சேரும்போது பந்தின் கனம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே வாங்கலாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோக்குவைத் தயங்காமல் கொடுக்கலாம். பெரும்பாலும் இரண்டு விசையும் இடம் வலம் நகர்வதும் போதும், ஆட்டம் முடிந்தது என்று திரை ஒருபோதும் கறுத்துப்போகாது. கீபோர்டிலும் சங்கடமில்லை. கிரீச்சருக்கு மட்டும் ஒரு கன்ட்ரோலர் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே குறி பார்க்க வேண்டிய விளையாட்டு. அம்புக்குறி விசைகளில் விரல் ஒடிந்துவிடும்.